கிரில் ஓரத்துக் கறுப்புப் புள்ளிகள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று இரவு நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். பேரன் படுக்கிற அறையில், சீலிங்கில் இருக்கும் ஏசி கிரில்லைச் சுற்றி மிளகுத்தூளைத் தூவியது போலப் புள்ளிகள். கூடவே அந்த நோட்டீசையும் அனுப்பியிருந்தாய்: வீடு முழுக்க டக்ட், அதாவது ஏசிக் காற்று வரும் குழாய், சுத்தம், 99 டாலர். இது பூஞ்சணமோ, பேரன் இருமுவது அதனால்தானோ என்று பயந்து, சனிக்கிழமை வரச் சொல்லட்டுமா என்று கேட்டிருக்கிறாய். போனில் சொன்னால், பேரன் அழுததும் பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். சனிக்கிழமை யாரையும் வரச் சொல்லாதே. முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடி. பேரனை இன்றைக்கே உங்கள் அறைக்கு மாற்றிப் படுக்க வை.

நான் ஏன் இப்படிப் பிடிவாதமாகச் சொல்கிறேன் என்றால், இதில் நானே ஒரு தடவை தப்புச் செய்திருக்கிறேன். உனக்குப் பத்து வயசு இருக்கும். தெற்கு மாசி வீதிப் பக்கம் ஒரு ஜவுளிக்கடைக்கு டக்ட் வேலை செய்து கொடுத்திருந்தோம். ஐப்பசி மழை. காலையில் கடை திறந்து ஏசி போட்டதும் முதல் கால் மணி நேரம், நனைந்த சாக்கைச் சுருட்டி வைத்த வாடை. பட்டுச் சேலையில் வாடை ஏறிவிடுமோ என்று முதலாளிக்குப் பயம். ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து பேனலைக் கழற்றி, உள்ளே ஒட்டியிருந்த கிளாஸ் வுல் என்ற கண்ணாடிப் பஞ்சை மேலாகத் துடைத்து, பிளீச்சிங் தண்ணீர் அடித்து மூடினோம். வாடை போய்விட்டது. தீபாவளி வியாபாரம் நன்றாக நடந்தது.

கார்த்திகையில் மறுபடி அதே வாடை. இந்தத் தடவை கையை உள்ளே விட்டுக் கிளாஸ் வுல்லைப் பிழிந்து பார்த்தேன். தண்ணீர் முழங்கை வரைக்கும் ஒழுகியது. பிய்த்துப் பார்த்தால் உள்பக்கம் கரும்பச்சை, கொழகொழவென்று. காரணம், காற்றைக் குளிரவைக்கும் சுருள்குழாயான கூலிங் காயிலுக்குக் கீழே, அதில் வடியும் தண்ணீரைப் பிடிக்கிற ட்ரே. வாட்டம் ட்ரெயின் பைப் பக்கம் இல்லாமல் எதிர்ப்பக்கம் இருந்தது. தேங்கிய தண்ணீரைக் காற்று வாரிக்கொண்டு போய் டக்டுக்குள் தெளித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த வாட்டத்தை வைத்தது என் ஆட்கள்தான். கிளாஸ் வுல் அத்தனையையும் எடுத்து எறிந்துவிட்டுப் புதிதாக ஒட்டிக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. அதற்கப்புறம் பூஞ்சணம் என்று யார் கூப்பிட்டாலும் முதலில் ட்ரேயைத்தான் பார்ப்பேன்.

நம்ம ஊரில் மழை மாதம் கழிந்தால் காற்று காய்ந்துவிடும். இன்று அடிக்கிற ஆடிக் காற்றில், அம்மா மொட்டைமாடியில் போட்ட வேட்டி முக்கால் மணி நேரத்தில் விறைத்துவிட்டது. நீ இருக்கிற ஹூஸ்டனில் அப்படியா? ராத்திரி பாத்ரூமில் போட்ட துண்டு காலையிலும் சதசதவென்று இருக்கும். பேர்லாண்ட் மீனாட்சி கோயிலுக்குப் போன அன்று, காரை விட்டு இறங்கினதும் என் கண்ணாடியில் ஆவி படிந்து படி தெரியாமல் நின்றேனே, ஞாபகம் இருக்கிறதா? ஏசியில் குளிர்ந்திருந்த கண்ணாடியில் வெளிக்காற்றின் ஈரம் படிந்தது. உன் கிரில்லிலும் அதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன்.

கணக்காகவே சொல்கிறேன். அறை 24 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 60 சதவீதம் என்றால், 16 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன் மேலும் தண்ணீர் துளிர்க்கும். டக்டிலிருந்து வரும் காற்றோ 13, 14 டிகிரி. அப்போது கிரில் வேர்க்கத்தானே செய்யும்? ஈரப்பதத்தை 50-க்கு இறக்கினால் 13 டிகிரி வரை தாங்கும். அந்த நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் வீட்டுக்குள் 60-ஐத் தாண்டக் கூடாது, 30-லிருந்து 50-க்குள் இருந்தால் நல்லது என்றுதான் சொல்கிறது. ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கிப் பேரன் அறையில் வை, விலை அதிகமில்லை.

முதலில் அது பூஞ்சணம்தானா என்று பார்க்க வேண்டும். வெறும் தூசியும் கறுப்பாகத்தான் தெரியும். தூசி காற்று போகிற திசையில் கோடு கோடாக இழுத்திருக்கும், காய்ந்த துணியில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பூஞ்சணம் வட்ட வட்டமாக, ஒரு புள்ளியைச் சுற்றிப் பத்துப் புள்ளியாகக் கூட்டம் போடும். துடைத்தால் ஈஷிக்கொள்ளும், இரண்டு வாரத்தில் அதே இடத்தில் திரும்ப வரும். ஒரு குச்சியில் பஞ்சைச் சுற்றி, வீட்டில் இருக்கும் பிளீச் ஒரே ஒரு சொட்டு வைத்துப் பார். ஒன்றிரண்டு நிமிஷத்தில் வெளுத்தால் பூஞ்சணமாக இருக்க வாய்ப்பு அதிகம். கறுப்பாகவே நின்றால் அழுக்கு. பிளீச்சோடு வேறு எந்த கிளீனரையும் கலக்கவே கூடாது.

வாடையையும் கவனி. ஏசி ஓட ஆரம்பித்த முதல் சில நிமிஷம் மட்டும் ஈரத்துணி வாடை வந்து அப்புறம் குறைந்தால், காயிலையும் ட்ரேயையும் சந்தேகப்படு. ஏசி ஓடாதபோதும் அந்த ஒரு அறையில் மட்டும் வாடை நின்றால், சுவரிலோ சீலிங்கிலோ கசிவு இருக்கலாம்.

மாப்பிள்ளையிடம் சொல்லு, ஏசியை முழுசாக நிறுத்திவிட்டு, மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கொண்டு கிரில்லைக் கழற்றிப் பார்க்கட்டும். உள்ளே டார்ச் அடித்துப் போனில் வீடியோ எடுக்கட்டும். டக்டின் வாய்க்கும் சீலிங் பலகைக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறதா என்று முக்கியமாகப் பார்க்கச் சொல்லு. அந்த இடுக்கு வழியாக, கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் இருக்கும் அட்டிக்கின் சூடான ஈரக்காற்று இறங்கிக் குளிர்ந்த தகரத்தில் பட்டால் அங்கேயே தண்ணீர். பலகையின் மேல்காகிதம் நனைந்தால் பூஞ்சணத்துக்கு அதுவே சாப்பாடு. இடுக்குதான் காரணம் என்றால் அடைப்பதோடு பெரும்பாலும் வேலை முடிந்துவிடும்.

தெர்மோஸ்டாட்டில் ஃபேன் 'ஆன்' என்று இருந்தால் 'ஆட்டோ'வில் வையுங்கள். கம்ப்ரஸர் நின்ற பிறகும் ஃபேன் ஓடினால், காயிலில் படிந்த தண்ணீரை மறுபடி வீட்டுக்குள்ளேயே ஊதிவிடும். இது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. பில்டரையும் கழற்றித் தொட்டுப் பார், ஈரமாக இருக்கக் கூடாது.

அப்புறம் அந்த நோட்டீஸ்காரர் விஷயம். 99 டாலருக்கு ஒரு வீட்டு டக்டை ஒழுங்காகச் சுத்தம் செய்ய முடியாது. உள்ளே வந்தபின் எதையாவது கறுப்பாகக் காட்டிப் பயமுறுத்தித் தொகையை ஏற்றுவார்கள். மருந்துப் புகை அடிக்கிறேன் என்று சொன்னால், கைக்குழந்தை இருக்கிற வீட்டில் ஒத்துக்கொள்ளவே கூடாது. தகர டக்ட் என்றால் சுத்தம் செய்யலாம். உங்கள் அட்டிக்கில் நான் பார்த்தது வெள்ளித் தாள் சுற்றிய வளையும் டக்ட். அதன் பஞ்சு நனைந்து பூஞ்சணம் பிடித்திருந்தால் கழுவிப் பயனில்லை, அந்தத் துண்டை மாற்றத்தான் வேண்டும். டெக்சாஸ் சட்டமே உனக்குத் துணை: ஒரே இடத்தில் தொடர்ச்சியாக 25 சதுர அடிக்குக் குறையாமல் பூஞ்சணம் இருந்தால், காசு வாங்கி எடுக்கிறவர் லைசென்ஸ் உள்ளவராக இருக்க வேண்டும், சோதித்துச் சொல்கிறவரும் எடுக்கிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. உன் படத்தில் இருப்பது ஒரு சாண்தான், பயப்படாதே.

பேரனின் இருமலை நான் பூஞ்சணத்தின் மேல் போடவில்லை, அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் வெளியே போனால் குறைந்து, வீட்டுக்கு வந்து படுத்தால் கூடுகிறதா என்று நாலு நாள் குறித்து வைத்து அவரிடம் காட்டு. புள்ளிப் படத்தையும் காட்டு.

மாப்பிள்ளை ஏசி காயிலுக்குக் கீழே இருக்கும் ட்ரேயையும் படம் எடுக்கட்டும். எடுக்கும்போது டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்கச் சொல்லு. நேராக அடித்தால் தண்ணீர் மின்னி, எந்தப் பக்கம் தேங்குகிறது என்று எனக்குத் தெரியாது. ராத்திரி 10 மணி வரை விழித்திருப்பேன், உனக்குக் காலை பதினொன்றரை. வீடியோ வந்ததும் கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா