ஸ்டென்ட் வைத்த பிறகு பயத்துக்கு என்ன மருந்து?

ஐயா,

உலக இதய நாளையொட்டித் தாங்கள் வெளியிட்ட மருத்துவக் கட்டுரையைப் படித்தேன். உப்பு, புகை, நடைப்பயிற்சி எல்லாம் சரி. மனத்தைப் பற்றி மட்டும் 'கவலைப்படாமல் இருங்கள்' என்ற ஒரே வரி. அது அறிவுரை, சிகிச்சை அல்ல. ஸ்வீடனின் உப்சாலாவில் 362 இதய நோயாளிகளிடம் நடத்தி 2011-இல் வெளியான ஆய்வில், வழக்கமான மருத்துவத்தோடு குழுவாக அறிவாற்றல் நடத்தை சிகிச்சையும் (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் பேச்சுவழி மனநலச் சிகிச்சை) பெற்றவர்களுக்கு மீண்டும் இதய, ரத்தநாளப் பாதிப்பு வருவது 41 சதவீதம் குறைந்திருந்தது. மருந்துக்குப் பதிலாக அல்ல, மருந்தோடு சேர்த்து.

என் கணவர் ஸ்டென்ட் (அடைபட்ட இதய ரத்தக்குழாயை விரித்துவைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்து வீடு திரும்பியபோது டிஸ்சார்ஜ் சம்மரியில் ஏழு மாத்திரைகள் இருந்தன. அவரோ இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணிக்கொண்டிருப்பார். எங்களுடையது மாடி வீடு. திரும்ப ஏற வேண்டுமே என்று பயந்து மூன்று மாதம் கீழே இறங்கவே இல்லை. (ஏறலாம் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார்!) பயமாக இருக்கிறதா என்று மறுபரிசோதனையில் ஒருவரும் கேட்கவில்லை. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவரும் ஊழியர் தூக்கம், பயம் பற்றி இரண்டு கேள்வி கேட்டு, தேவைப்பட்டால் 14416 மனநல உதவி எண்ணைக் கொடுக்கலாம். அப்புறம், அரசு மருத்துவமனைகளில் இதயப் பிரிவின் புறநோயாளிகள் அறைக்குப் பக்கத்திலேயே வாரம் ஒரு நாளாவது உளவியல் நிபுணர் உட்கார ஏற்பாடு செய்ய வேண்டும்.

– வாசகி, பெரம்பூர், சென்னை