வீடு தேடி வந்த டயாலிசிஸ்: துணைநின்ற அனைவருக்கும் நன்றி மடல்

பெருமதிப்பிற்குரியீர், வணக்கம்.

சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்த பின்னரும் எங்கள் அம்மா தம் சொந்த வீட்டில், தம் மாடுகளையும் அவரைக் கொல்லையையும் கண்ணெதிரே வைத்துக்கொண்டு வாழ்ந்து வருகிறார் என்றால், அதற்குக் காரணமானவர்கள் பலர். தீராத நோயுற்றோரின் வேதனையைத் தணித்துத் துணைநிற்கும் எங்கள் வட்டாரத்தின் நோய் ஆதரவு சிகிச்சைச் செவிலியர் பணிமாறுதலில் செல்லவிருக்கும் இவ்வேளையில், அவருக்கும் மற்ற அனைவருக்கும் எங்கள் குடும்பத்தார் சார்பில் இம்மடலை எழுதுகிறேன்.

கிருஷ்ணகிரி மாவட்டத்து அஞ்செட்டி மலைப்பகுதியில் இருக்கும் எங்களுக்கு, இயந்திரம் வழியே ரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் என்றால் வாரம் மூன்று முறை நகரத்துக்குப் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் படுத்திருந்துவிட்டு வீடு திரும்புவதற்குள் இருட்டிவிடும். அம்மாவின் உடம்பு அந்த அலைச்சலைத் தாங்காது என்பதை உணர்ந்து, வயிற்றின் உட்சவ்வையே வடிகட்டியாகப் பயன்படுத்தி வீட்டிலேயே செய்துகொள்ளும் சிஏபிடி (CAPD) என்ற டயாலிசிஸ் முறையை எடுத்துரைத்தவர் சிறுநீரகவியல் மருத்துவர். படிப்பறிவு குறைந்த கிராமத்து வீடுகளில் இது சரிப்படாது என்று வேறோர் இடத்தில் எங்களைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். கை சுத்தமும் பொறுமையும் உள்ள எந்த வீட்டிலும் இதைச் செய்யலாம் என்று இந்த மருத்துவர் கூறியதை நாங்கள் என்றும் மறவோம்.

டயாலிசிஸ் பிரிவுச் செவிலியர்கள் எங்களுக்குக் கற்றுத்தந்த விதத்தைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். இரண்டு லிட்டர் திரவப் பையை உயரத்தில் மாட்டி வயிற்றுக்குள் இறக்குவதும், சில மணி நேரம் கழித்து அதை வடித்தெடுத்து எடை பார்த்து நோட்டில் எழுதுவதும் கேட்பதற்கு எளிது. ஆனால் ஒவ்வொரு முறையும் கதவு சன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, முகக்கவசம் அணிந்து, விரலிடுக்கெல்லாம் சோப்பு போட்டுக் கழுவித் துடைத்த பிறகே குழாயைத் தொட வேண்டும் என்பதை, நாங்கள் தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பிக்கும் அளவுக்கு அவர்கள் சொல்லிச் சொல்லிப் பழக்கினார்கள். குளிருக்காகப் பையை வெந்நீரில் அமிழ்த்தக் கூடாது, வெளியேறும் நீரோடு புரதமும் போய்விடுவதால் முட்டையின் வெள்ளைக்கருவைத் தவறாமல் கொடுக்க வேண்டும் என்பவையெல்லாம் அவர்கள் தந்த பாடங்களே.

வடித்த பைக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்து, எழுத்துகள் தெளிவாகத் தெரிகின்றனவா என்று பார்க்கச் சொன்னவர்களும் அவர்களே. ஒருநாள் பின்னிரவில் அந்த எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. நான் தொலைபேசியில் அழைத்தபோது நோய் ஆதரவுச் செவிலியர் உறக்கக் கலக்கத்திலும் சிறிதும் சலித்துக்கொள்ளாமல், அந்தப் பையைக் கொட்டிவிடாமல் எடுத்துக்கொண்டு உடனே புறப்படும்படி கூறி, நாங்கள் போய்ச் சேருமுன் மருத்துவமனைக்கும் தகவல் சொல்லிவிட்டார். வயிற்றுச் சவ்வில் தொற்று என்று கண்டறிந்து, டயாலிசிஸ் திரவத்திலேயே மருந்தைக் கலந்து செலுத்தினார்கள். அம்மா நலமாக வீடு திரும்பினார். அந்த இரவில் அச்செவிலியர் தொலைபேசியை எடுத்ததற்கு நாங்கள் செய்யக்கூடிய கைம்மாறு எதுவும் இல்லை.

நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் தொடங்கப்பட்ட, தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியாகவே திரவப் பைகள் எங்கள் வீட்டுக்கு வருகின்றன. நாளொன்றுக்கு நான்கு பை என்றால் மாதத்துக்கு 120 பைகள், 240 லிட்டர். இருப்பு குறைவதற்கு முன்பே கணக்குப் பார்த்துச் சொல்லிவிடும் எங்கள் ஊர்ப் பெண் சுகாதாரத் தன்னார்வலர், வரும்போதெல்லாம் அம்மாவின் ரத்த அழுத்தத்தைப் பார்த்து, கால் வீக்கத்தையும் அழுத்திப் பார்த்துவிட்டே போவார். மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து வந்து, ஊக்கத்தொகை மட்டுமே பெற்றுக்கொண்டு, வெயில் மழை பாராமல் வீடு வீடாக நடக்கும் இவரைப் போன்றவர்களுக்கு நிலையான ஊதியம் கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இத்திட்டத்துக்கு 2024இல் ஐக்கிய நாடுகளின் விருது கிடைத்த செய்தி வந்தபோது, அவருக்கே கிடைத்ததாக எண்ணி நாங்கள் மகிழ்ந்தோம்.

வாகனம் ஏற முடியாத எங்கள் மேட்டுப்பாதையில் பெட்டிகளைத் தோளில் சுமந்து வரும் தெருப் பிள்ளைகளுக்கும், வெயிலும் ஈரமும் படாமல் அவற்றை அடுக்கி வைக்கத் தம் வீட்டு அறையையே ஒழித்துக் கொடுத்த பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கும், கை நடுக்கம் குறையப் பயிற்சி அளித்த இயன்முறை சிகிச்சையாளருக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.

நம் பகுதியில் புதிதாக இச்சிகிச்சையைத் தொடங்கத் தயங்கும் குடும்பம் எதுவாயினும் எங்கள் வீட்டுக்கு அனுப்பி வையுங்கள். பை மாற்றுவதைத் தாமே செய்து காட்டுவதாக அம்மா சொல்லச் சொன்னார்.

என்றும் நன்றியுடன்,
மகளும் குடும்பத்தாரும்