நான்காவது கிலோமீட்டர்

கோபி,
செவ்வாய்க்கிழமை இரவு

அம்மிணி,

அம்மா போனில் சொல்லியிருப்பாள், "உங்கப்பா பாதியிலேயே வந்துட்டாரு" என்று. அது உண்மைதான், நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த அந்த டிரையத்லான் போட்டியை முடிக்காமல் வந்துவிட்டேன். மிச்சத்தைப் போனில் சொல்ல எனக்கு வராது. வாட்ஸப்பில் தட்டினால் நாலு வரிக்கு மேல் விரல் ஓடாது. அதனால் பழையபடி காகிதத்தில் எழுதுகிறேன். இதைப் போட்டோ பிடித்துத்தான் அனுப்புவேன். என் கையெழுத்து உனக்குப் பழக்கம்தானே.

முதலில் ஒரு பொய்யைச் சொல்லிவிடுகிறேன். ஜனவரியில் நீ "குதிகால் சரியாகாம எதுக்குப்பா போறீங்க?" என்று கேட்டபோது, "எல்லாம் சரியாயிடுச்சு" என்றேன். சரியாகவில்லை. இடது குதிகாலுக்கு மூன்று விரல் மேலே தசைநார் கயிறு மாதிரி தடித்திருந்தது. காலையில் கட்டிலை விட்டு இறங்கி பாத்ரூம் போய்ச் சேர்வதற்குள் சுவரை இரண்டு முறை பிடிப்பேன். பத்தடி நடந்தால் விட்டுவிடும். ஓட ஆரம்பித்தால் இரண்டாவது கிலோமீட்டரில் வலியே இருக்காது. அதுதான் இந்த வியாதியின் கள்ளத்தனம். சூடு ஏறியதும் வலி ஒளிந்துகொள்ளும், மறுநாள் காலையில் வட்டியோடு வந்து நிற்கும்.

வந்ததற்குக் காரணம் வயது இல்லை, அவசரம். நீச்சல் பழகியதுதான், சைக்கிளும் பழகியதுதான், ஓட்டத்தைத்தான் ஏற்ற வேண்டும் என்று அக்டோபரில் வாரம் 12 கிலோமீட்டரில் இருந்து ஒரே தாவலில் 25க்குப் போனேன். சத்தி ரோட்டில் சைக்கிள் மிதித்துவிட்டு வந்து, இறங்கிய சூட்டில் அப்படியே ஓடுவேன். இளவட்டங்கள் செய்கிற பயிற்சி. 61 வயது தசைநார் அவ்வளவு வேகமாகப் பழகாது. ஓடும்போது அந்த ஒரு நாரின் மேல் உடல் எடையைப்போல் ஆறேழு மடங்கு இழுவை விழுமாம். அதை ஈரோட்டு பிசியோ சொன்னபோது தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து மறந்துவிட்டேன்.

அவர் கொடுத்த மருந்து மாத்திரை இல்லை, வாசற்படி. படியின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் வைத்து, நல்ல காலால் எழும்பி, வலிக்கிற காலை மெதுவாகப் படிக்குக் கீழே இறக்க வேண்டும். முழங்காலை நீட்டி 15 தடவையாக மூன்று சுற்று, மடக்கி மூன்று சுற்று, காலை மாலை இரண்டு வேளை. கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 180. பன்னிரண்டு வாரம். இதைக் கண்டுபிடித்த கதையைக் கேள். ஸ்வீடனில் ஆல்ஃப்ரெட்சன் என்று ஒரு எலும்பு டாக்டர். அவருக்கே இந்த வலி. ஆபரேஷன் பண்ணச் சொன்னால் மேலதிகாரி மறுத்துவிட்டார். "அப்படியா, நாரை முழுசாகக் கெடுத்துக்கொண்டு வருகிறேன், அப்போது எப்படி மறுப்பீர்கள்" என்று வலிக்க வலிக்கக் குதிகாலை இறக்கி ஏற்றியிருக்கிறார். கெடவில்லை, குணமாகிவிட்டது! 1998இல் 15 பேரை வைத்துச் செய்து பார்த்துக் கட்டுரையே எழுதிவிட்டார். பிடிவாதக்காரனுக்கு இப்படியும் நடக்கும்போல என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

ஆனால் அந்த ஆளுக்கு இருந்த பொறுமை எனக்கு இல்லை. அம்மா காபியை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்து எண்ணுவாள். அவள் பால்காரரோடு பேச ஆரம்பித்தால் ஒன்பதில் இருந்து பதின்மூன்றுக்குத் தாவிவிடுவேன். எட்டாவது வாரத்தில் விட்டேவிட்டேன். போட்டிக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

சரி, போட்டிக்கு வருகிறேன். கோவளம் கடலில் 1,500 மீட்டர் நீச்சல், ஈசிஆரில் மாமல்லபுரம் பக்கம் போய்த் திரும்ப 40 கிலோமீட்டர் சைக்கிள், அப்புறம் 10 கிலோமீட்டர் ஓட்டம். 2000இல் சிட்னியில் முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்த்தபோதும் இதே தூரம்தான். என் வயதில் என்னைத் தவிர இரண்டே பேர். அதில் ஒருவருக்கு முழங்கால் இரண்டிலும் உறை.

கடல் எனக்குப் பயமில்லை. பாட்டன் தோட்டத்துக் கிணற்றில் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டி இறக்கிவிடப்பட்டவன் நான், கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டால் எதிர்நீச்சல் போடுகிறவன். ஆனால் கிணற்றில் அலை இல்லை, அம்மிணி. உடைகிற அலைக்கு அடியில் மூன்று தடவை முங்கி அந்தப் பக்கம் போன பிறகுதான் மூச்சு ஒழுங்குக்கு வந்தது. நாலு கை வீச்சுக்கு ஒருமுறை தலையைத் தூக்கி ஆரஞ்சு மிதவை எங்கே என்று பார்க்க வேண்டும். பார்க்காமல் ஒரு நிமிடம் நீந்தினால் கடல் உன்னைத் தன் இஷ்டத்துக்குக் கொண்டுபோகும். உப்பு நாக்கில் காந்தியது. ஆனாலும் சொல்கிறேன், அந்த 41 நிமிடமும் எனக்குக் குதிகால் என்று ஒன்று இருப்பதே ஞாபகம் இல்லை. தண்ணீரில் அதன் மேல் பாரம் இல்லையே.

கரையேறி ஈர மணலில் ஓடியபோதுதான் முதல் சுருக். மணலில் குதிகால் புதைந்து இறங்குகிறது, நார் முழு நீளத்துக்கு இழுபடுகிறது. சைக்கிள் நிற்கும் இடம்வரை நுனிக்காலில் போனேன்.

சைக்கிளில் ஒரு தந்திரம் செய்திருந்தேன். பெடலில் மாட்டுகிற ஷூவின் அடிக்கட்டையை ஒரு விரல் அகலம் பின்னுக்குத் தள்ளி வைத்திருந்தேன். நுனிப்பாதத்தால் மிதிக்காமல் நடுப்பாதத்தால் மிதித்தால் கெண்டைக்கால் அவ்வளவு வேலை செய்யாது. நன்றாகவே போயிற்று. திரும்பும்போது எதிரே வாடைக்காற்று, இரண்டு டூரிஸ்ட் பஸ், ஒரு நாய். ஒரு மணி 38 நிமிடம். இறங்கும்போது மனதில் என்ன இருந்தது தெரியுமா? ஜூலி மாஸ்.

யார் என்று கேட்பாய். 1982 பிப்ரவரியில் ஹவாயில் நடந்த, இதே மூன்றையும் இன்னும் நெடுந்தூரம் செய்கிற அயர்ன்மேன் போட்டியில் முன்னால் ஓடிக்கொண்டிருந்த கல்லூரிப் பெண். எல்லைக்கோட்டுக்குக் கொஞ்ச தூரம் முன்னால் கால் மடிந்து விழுந்தாள். எழுந்தாள், மறுபடி விழுந்தாள், இன்னொருத்தி தாண்டிப் போய் ஜெயித்த பிறகும் தவழ்ந்தே போய்க் கோட்டைத் தொட்டாள். 29 வினாடி வித்தியாசம். யூடியூபில் அதை எத்தனை ராத்திரி பார்த்திருப்பேன் என்று அம்மாவைக் கேள். பார்க்கும்போதெல்லாம் கண் கலங்கும். "பாரு, இதுதான் மனுசன்" என்று அவளை எழுப்பிக் காட்டியிருக்கிறேன்.

ஓட்டத்தில் முதல் கிலோமீட்டர் கால் என்னுடையதே இல்லை. சைக்கிளில் இருந்து இறங்கினால் எல்லோருக்கும் அப்படித்தான். ஷூவுக்குள் குதிகாலுக்கு ஒரு ரப்பர் அட்டை வைத்திருந்தேன். இரண்டாவது கிலோமீட்டரில் வலி வழக்கம்போல ஒளிந்தது. மூன்றாவதில் திரும்ப வந்தது, இந்தத் தடவை ஒளியவில்லை. நான்காவதில் என் நிழலைப் பார்த்தேன். வெயில் முதுகில் இருந்ததால் எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. அது நொண்டியது.

அந்த இடத்தில் தண்ணீர் மேசை. பதினாறு பதினேழு வயசுப் பெண் ஒருத்தி தம்ளரை நீட்டிக்கொண்டு, "சூப்பர் அங்கிள்! விடாதீங்க! இன்னும் ஆறுதான்!" என்றாள். நல்ல பெண். ஆனால் நான் அவள் முகத்தைப் பார்த்தது அவள் அதைச் சொல்வாள் என்று இல்லை. போதும், நில்லுங்க என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று பார்த்தேன்.

அங்கேயேதான், தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, ஈரோட்டு மைதானம் ஞாபகம் வந்தது.

நீ பதினொன்றாம் வகுப்பு. மாவட்டப் போட்டிக்கு இரண்டு வாரம் முன்னால் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் ஒரே இடத்தில் வலிக்கிறது என்றாய். விரலை வைத்துக் காட்டினாய். எக்ஸ்ரே எடுத்தோம், சுத்தமாக இருந்தது. "பார்த்தியா, ஒண்ணுமில்லை" என்று படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நானே உனக்குப் பாடம் நடத்தினேன். உங்கள் பி.டி. சார்கூட, "இந்த வருஷம் விட்டுறலாமுங்க" என்றார். அவரையும் வாயடைத்தேன். "பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓடு சாமி, 1,500 மீட்டர் அஞ்சு நிமிஷ வேலை" என்றேன்.

மூன்றே முக்கால் சுற்று. நான் வேலி ஓரத்தில் நின்றேன். ஒவ்வொரு சுற்றிலும் என்னைக் கடக்கும்போது நீ திரும்பி என் முகத்தைப் பார்த்தாய். நான் கையை வீசி, "போ, போ" என்றேன். இத்தனை வருஷமும் நீ உற்சாகத்துக்காகப் பார்த்தாய் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவதாக வந்தாய். பதக்கத்தோடு உன்னைத் தூக்கி ஸ்கூட்டரில் உட்கார வைத்ததைக்கூடப் பெருமையாக எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

மூன்று வாரம் கழித்து இரண்டாவது எக்ஸ்ரேயில் மயிரிழை மாதிரிக் கோடு. இந்த வகை விரிசல் ஆரம்பத்தில் படத்தில் தெரியாது, ஆற ஆரம்பிக்கும்போதுதான் தெரியும் என்று டாக்டர் பேனா முனையால் காட்டினார். மாவுக்கட்டைப் பிரித்த பிறகு நீ மைதானத்துப் பக்கமே போகவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு, படிப்பு என்று நாங்களும் பேசிக்கொண்டோம். காரணம் படிப்பு என்று நான் நம்பிக்கொண்டேன். அது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

ஜூலி மாஸ் தவழ்ந்தது உடம்பில் தெம்பு தீர்ந்துபோய். சாப்பிட்டுப் படுத்தால் வருகிற தெம்பு. எலும்பில் விரிசல் விட்டிருக்கும்போது ஓடுவது வேறு. இரண்டையும் நான் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, பதினாறு வயதுப் பிள்ளைக்குத் தைரியம் என்று ஊட்டினேன். பாரம் ஏற்றினால் ஆறுகிற வலியும் உண்டு, ஏற்றினால் உடைகிற வலியும் உண்டு, எது எது என்று தெரிந்த ஆளைக் கேட்க வேண்டும். கேட்கத்தான் கேட்டேன். எனக்குப் பிடித்த பதிலை மட்டும் எடுத்துக்கொண்டேன். அன்றும் அப்படித்தான், இந்தக் குதிகால் விஷயத்திலும் அப்படித்தான்.

அந்தப் பெண்ணிடம் தம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "போதும் கண்ணு" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. சாலையோரம் இளநீர் வண்டிக்காரர் ஸ்டூலை நகர்த்திப் போட்டார். கணுக்காலில் கட்டியிருந்த, நேரம் பதிகிற சிப்பைக் கழற்றி, பைக்கில் வந்த மார்ஷலிடம் கொடுத்தேன். என் எண்ணை எழுதிக்கொண்டு போய்விட்டார். பட்டியலில் என் பேருக்கு எதிரே நேரம் இருக்க வேண்டிய இடத்தில் டி.என்.எஃப். என்று மூன்று எழுத்து போட்டிருக்கிறார்கள். முடிக்கவில்லை என்று அர்த்தம். பார்த்தால் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அம்மா ஆட்டோ பிடித்து வந்தாள். "ஏனுங்க, வலி தாங்க முடியலீங்களா?" என்று கேட்டாள். தாங்க முடிந்தது. இன்னும் ஆறு கிலோமீட்டரும் தாங்கியிருப்பேன். அவளிடம், "ஆமா" என்றுவிட்டேன்.

படிப் பயிற்சியைத் திரும்ப முதல் வாரத்தில் இருந்து ஆரம்பித்திருக்கிறேன். இன்று காலையும் 90, மாலையும் 90. அம்மா பால்காரரோடு பேசினாலும் நானே எண்ணிக்கொள்கிறேன்.

அலமாரியில் அந்த இரண்டு எக்ஸ்ரேயும் பெரிய மஞ்சள் உறையில் அப்படியே இருக்கின்றன. நேற்று எடுத்துப் பார்த்தேன். முதல் படத்தில் இப்போதும் ஒன்றும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலக் கூப்பிடு. இதைப்பற்றிப் பேசப் பிடிக்கவில்லை என்றால் பேச வேண்டாம், போனைப் பாப்பாவிடம் கொடுத்துவிடு. பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயம் என்று சொன்னாளே, என்ன ஆயிற்று என்று அவளிடம் கேட்டுக்கொள்கிறேன்.

அப்பா