மாசியில் நாற்று விடப்போகும் மகளுக்கு

காரிமங்கலம்
மாசி 2

அன்பு மகளுக்கு,

ஓசூர் வீட்டின் பின்பக்கம் பத்துக்குப் பன்னிரண்டு அடி இடம் காலியாகக் கிடக்கிறது, விதை போட்டே காய்கறி வளர்க்க வேண்டும், எப்போது ஆரம்பிக்கலாம் என்று கேட்டிருந்தாய். இந்த வாரமே ஆரம்பி கண்ணு. ஆனால் எல்லா விதையையும் ஒரே நாளில் போட்டுவிடாதே. மிளகாய் நாற்று நடவுக்கு வர 40 முதல் 45 நாள் எடுக்கும். கத்தரிக்கு 35 நாள், தக்காளிக்கு 25 நாள் போதும். ஒன்றாகப் போட்டால் மிளகாய் நாலு இலை விடும் முன்பே தக்காளி நெட்டையாக வளர்ந்து, நாற்றுத் தட்டின் குழிக்குள் வேர் சுருண்டுகொள்ளும். அப்படிச் சுருண்ட வேர் பாத்திக்குப் போன பிறகும் லேசில் விரியாது. அதனால் மாசி 5 மிளகாய், 12 கத்தரி, 22 தக்காளி என்று வைத்துக்கொள். மூன்றும் பங்குனி 17 வாக்கில் ஒரே நாளில் நடவுக்கு வரும்.

ஓசூர் நம் ஊரைவிட மேட்டில் இருக்கிறது. சிவராத்திரியோடு குளிர் சிவசிவா என்று போய்விடும் என்பார்கள், அதுவரை விடியற்காலைப் பனி இருக்கத்தான் செய்யும். மிளகாய் விதைக்குச் சூடு வேண்டும். இதமான சூட்டில் எட்டுப் பத்து நாளில் முளைக்கிற விதை, குளிரில் மூன்று வாரம்கூட அசையாமல் கிடக்கும். பலர் அதைச் சொத்தை விதை என்று கொட்டிவிடுகிறார்கள். முளைக்கும்வரை தட்டை ஈரச் சாக்கால் மூடி, சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் வை. மூன்றாம் நாளிலிருந்து தினமும் சாக்கைத் தூக்கிப் பார்க்க வேண்டும். முதல் முளை தலைகாட்டிய அன்றே மூடியை எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்விடு. ஒரு நாள் தாமதித்தாலும் தண்டு வெளிறி, நூல் போல நீண்டுவிடும். தக்காளி அப்படி நீண்டால் பரவாயில்லை, ஆழமாக நட்டால் புதைந்த தண்டிலும் வேர் விடும். மிளகாயையும் கத்தரியையும் அப்படி நம்பி ஆழத்தில் புதைக்காதே.

98 குழி உள்ள குழித்தட்டு ஒன்றே உனக்குத் தாராளம். தேங்காய் நார்க்கழிவைச் செங்கல் மாதிரி அழுத்தி விற்பார்கள், 650 கிராம் கட்டி ஒன்று வாங்கு. வாளியில் ஊறவைத்துப் பிழிந்து, தண்ணீரை மாற்றி மாற்றி மூன்று முறை அலசு. அதில் உப்பு இருக்கும், அலசாமல் போட்டால் முளைத்த நாற்றின் இலை நுனி கருகும். அலசிய நார்க்கழிவு இரண்டு பங்கு, சலித்த மண்புழு உரம் ஒரு பங்கு. நார்க்கழிவு மட்டும் போதும் என்று சிலர் சொல்வார்கள், அதில் சத்து கிடையாது, இரண்டு இலைக்கு மேல் நாற்று மஞ்சளித்து நின்றுவிடும். கலவையைக் கையில் பிடித்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. ஒரு குழிக்கு இரண்டு விதை, அரை சென்டிமீட்டர் ஆழம். இரண்டும் முளைத்தால் மெலிந்ததைக் கத்தரிக்கோலால் அடியில் நறுக்கிவிடு. பிடுங்கினால் நிற்கிற நாற்றின் வேரும் ஆடிப்போகும்.

கடையில் வாங்கும் விதை சிவப்பாகவோ நீலமாகவோ இருந்தால் அது மருந்து பூசியது. அதை ஊறவைக்காமல் அப்படியே போட்டுவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. சாயமில்லாத நாட்டு விதை என்றால் போடுவதற்கு முன் அழுகலைத் தடுக்கும் நல்ல பூஞ்சணமான டிரைக்கோடெர்மா விரிடி பொடி ஒரு சிட்டிகையில் புரட்டிக்கொள். பொட்டலத்தில் முளைப்புத்திறனும் சோதித்த தேதியும் காலாவதி தேதியும் அச்சிட்டிருக்கும், காலாவதியானதை விலை குறைவு என்று வாங்காதே. தக்காளியில் ரகம் கேட்டாய். காவேரிப்பட்டணம் பக்கத்துப் பையூர் ஆராய்ச்சி நிலையத்தின் பையூர் 1 நம் செம்மண்ணுக்கும் குறைந்த தண்ணீருக்கும் ஏற்றது. பெங்களூரு எசரகட்டாவில் உள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா ரக்ஷக், இலைச்சுருட்டு, வாடல், இலைக்கருகல் மூன்றையும் தாங்கும் வீரிய ஒட்டு ரகம். அதன் பழத்திலிருந்து விதை எடுத்து அடுத்த பருவத்துக்குப் போட்டால் தாய்ச்செடி மாதிரி வராது, ஒவ்வொரு முறையும் வாங்க வேண்டும். பையூர் 1 விதையை நீயே எடுத்து வைத்துக்கொள்ளலாம். நான் உனக்குச் சொல்வது அதைத்தான்.

இனி தண்ணீர். நாற்றைக் கொல்வது பெரும்பாலும் பூச்சி இல்லை, ஆசையாக ஊற்றுகிற தண்ணீர்தான். நேற்று நேராக நின்ற நாற்று இன்று காலையில் மண்ணை ஒட்டிய இடத்தில் நீர் கோத்து, இழைபோல் மெலிந்து சாய்ந்து கிடந்தால் அது நாற்றழுகல். ஈரத்திலேயே இருக்கும் பூஞ்சணம் தண்டைத் தின்றுவிடுகிறது. நெருக்கமாக விதைப்பதும், காற்றோட்டம் இல்லாததும், மாலையில் தண்ணீர் தெளிப்பதும்தான் காரணம். ஓசூர்க் குளிரில் மாலை நனைந்த இலை விடியும்வரை காயாது. ஆகவே காலையில் ஒரே முறை, பூவாளியால் தெளி. தட்டைத் தூக்கிப் பார், கனமாக இருந்தால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். அழுகல் வந்துவிட்டால் அந்தக் குழியையும் சுற்றியுள்ள குழிகளையும் கலவையோடு அகற்றிவிட்டு, ஒரு நாள் தண்ணீரை நிறுத்தி, தட்டைக் காற்றாட வை. மிச்சத்துக்கு லிட்டருக்கு 5 கிராம் சூடோமோனாஸ் என்கிற நன்மை செய்யும் பாக்டீரியாப் பொடியைக் கரைத்து ஊற்று. சாய்ந்த நாற்று நிமிராது, அதைக் காப்பாற்ற முயலாதே.

போர் தண்ணீர் உப்பாக இருந்தால் மண்மேல் வெள்ளை பூக்கும், இளம் இலை நரம்பு பச்சையாகவும் நடுவில் மஞ்சளாகவும் மாறும். நாற்றுக்கு மட்டுமாவது ஒகேனக்கல் குடிநீரை ஒரு வாளி பிடித்து, ஓர் இரவு திறந்து வைத்து, குளோரின் வாடை போனதும் பயன்படுத்து.

நாற்று வளரும் நாளில் மாப்பிள்ளையிடம் சொல்லிப் பாத்தியைத் தயார் செய்துவிடுங்கள். புது வீட்டுப் பின்பக்கத்தில் மேலே மண் தெரிந்தாலும் அடியில் சிமெண்ட் கட்டியும் ஜல்லியும்தான் கிடக்கும். ஓரடி ஆழம் கொத்தி, சலித்து எடுங்கள். மூன்றடி அகலம், பத்தடி நீளத்தில் இரண்டு பாத்தி, நடுவில் நடக்க ஒன்றரை அடி. மூன்றடிக்கு மேல் அகலம் வேண்டாம், கை எட்டாமல் உள்ளே மிதிக்க வேண்டிவரும், மிதித்த மண் இறுகிவிடும். ஒரு பாத்திக்கு நன்றாக மக்கிய தொழு உரம் 15 கிலோ, வேப்பம்பிண்ணாக்கு அரை கிலோ கலந்து, தண்ணீர் விட்டு இரண்டு வாரம் ஆறப்போடு. மக்காத சாணத்தைப் போட்டால் சூட்டில் வேர் வெந்துபோகும், வேரைக் கடிக்கும் வெள்ளைப் புழுவும் கூடவே வரும். எரு மக்கியதா என்று தெரிய முகர்ந்து பார்த்தாலே போதும், மழை நனைத்த மண் வாசம்தான் வர வேண்டும். எந்த மூலைக்கு ஐந்தாறு மணி நேரம் வெயில் விழுகிறதோ அதைத் தக்காளிக்கும் மிளகாய்க்கும் விடு. சுவரை ஒட்டிய நிழலில் கீரையும் புதினாவும் வரும்.

நடவுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே நாற்றை முதல் நாள் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு என்று வெயிலில் பழக்கு. மாலை நாலு மணிக்கு மேல் நடு. தக்காளிக்கும் மிளகாய்க்கும் வரிசைக்கு வரிசை 2 அடி, செடிக்குச் செடி ஒன்றரை அடி, கத்தரிக்கு இரு பக்கமும் 2 அடி. இப்போது பார்க்க இடம் வீணாவதுபோல் இருக்கும், சித்திரையில் தெரியும். நட்டதும் தண்ணீர், மூன்றாம் நாள் வேர் பிடிக்க உயிர்த்தண்ணீர், பிறகு விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டுப் பார்த்து ஈரம் இல்லையென்றால் மட்டும். முதல் நாலு நாள் மேற்குப் பக்கம் தென்னங்கீற்றுத் துண்டைச் சாய்த்துச் செருகி நிழல் கொடு. தக்காளிக்குக் குச்சியை நடும்போதே ஊன்றிவிடு, பிறகு ஊன்றினால் வேர் அறும்.

வெண்டை, கொத்தவரை, முள்ளங்கி எல்லாம் நேராகப் பாத்தியில்தான். வெண்டை விதையை ஓர் இரவு ஊறவைத்து, 2 சென்டிமீட்டர் ஆழத்தில், ஓரடிக்கு ஒன்று. சிறுகீரை விதை ஒரு தேக்கரண்டியை இரண்டு கை மணலோடு கலந்து தூவினால் சீராக விழும். எறும்பு விதையைத் தூக்கிப் போகாமல் இருக்கப் பாத்தி ஓரத்தில் கொஞ்சம் ரவை போட்டு வை, அதைச் சுமப்பதிலேயே நாலு நாள் போய்விடும், அதற்குள் கீரை முளைத்துவிடும்.

தக்காளி இலை சுருண்டு, சிறுத்து, செடி குத்துக்குத்தாக நின்றால் அது வெள்ளை ஈ கொண்டுவரும் வைரஸ். மருந்தே இல்லை, மனம் இரங்காமல் பிடுங்கிப் போட்டுவிடு, மற்றதாவது பிழைக்கும். நாற்றுப் பருவத்திலேயே மெல்லிய வாயில் புடவைத் துணியால் தட்டை மூடி வளர்த்தால் பாதிக் கவலை தீரும். கொசுவலைக் கண் வழியாக வெள்ளை ஈ சுலபமாக நுழையும், அதை நம்பாதே. வேப்பெண்ணெய் தெளிக்கிறதென்றால் லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி, கரைய நாலு சொட்டுச் சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்த பிறகு மட்டும். காயின் அடிப்பக்கம் கறுத்துக் குழிந்தால் அது பூச்சியும் இல்லை, நோயும் இல்லை. நாலு நாள் காயவிட்டு ஒரு நாள் வெள்ளமாக ஊற்றினால் சுண்ணாம்புச் சத்து காய்வரை போய்ச் சேராது. முட்டை ஓட்டை நொறுக்கிப் போடச் சொல்வார்கள், அது மக்கிச் சத்தாக மாறப் பல மாதம் ஆகும். தண்ணீரைச் சீராக விட்டாலே அடுத்த காய் நன்றாக வரும். செடியைச் சுற்றி இரண்டு அங்குலம் காய்ந்த சருகு பரப்பு, தண்டை மட்டும் ஒட்டாமல்.

பையில் ஐந்து பொட்டலம் வைத்திருக்கிறேன். நாலில் பெயர் எழுதி இருக்கிறது, மேலே சொன்னபடி போடு. ஐந்தாவது பந்தல் அவரை. அதை இப்போது ஊன்றிவிடாதே. பகல் குறுகினால்தான் அது பூ எடுக்கும், மாசியில் போட்டால் கோடை முழுக்கக் கொடியும் இலையுமாகப் படர்ந்து உன் தண்ணீரைத்தான் குடிக்கும். சாம்பலில் புரட்டி, மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு, ஆடிக்கு எடு.

அன்புடன்,
அப்பா