தானாக நகர்ந்த மவுஸ்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கலப்புப் போர், அதாவது ஆயுதத்தோடு கணினித் தாக்குதல், மறைமுக வேலை எல்லாம் சேர்த்து நடத்தும் போர் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ட்ரோன், ஏவுகணை, கூலிப்படை எல்லாவற்றையும் விரிவாக எழுதிவிட்டு, மின்சாரத்துக்கு ஒரே ஒரு வரி ஒதுக்கியிருக்கிறார்கள். 31 ஆண்டுகள் துணை மின்நிலையத்தில் ஷிப்ட் பார்த்தவன் நான். அந்த ஒரு வரி எனக்குப் போதவில்லை.

2015 டிசம்பர் 23, மேற்கு உக்ரைனில் ஒரு மின் கட்டுப்பாட்டு அறை. ஆபரேட்டரின் கண்ணெதிரே திரையில் மவுஸ் அம்பு தானாக நகர்ந்து, மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர்களை ஒவ்வொன்றாக ஆஃப் செய்கிறது. அவர் மவுஸை இழுத்துப் பார்க்கிறார். அது அவர் பேச்சைக் கேட்கவில்லை. கணினி அவரையே வெளியே தள்ளிவிடுகிறது. திரும்ப உள்ளே போகலாம் என்றால், கணினிக்குள் ஊடுருவிய ஹேக்கர்கள் பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறார்கள். அன்று மூன்று விநியோக நிறுவனங்களில் சுமார் 2.25 லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. ஊழியர்களுக்கு வந்த ஒரு மின்னஞ்சல் வழியாகப் பல மாதங்களுக்கு முன்பே நுழைந்து காத்திருந்திருக்கிறார்கள்.

அப்புறம் செய்ததுதான் என்னை உலுக்கியது. புகார் சொல்லும் தொலைபேசி எண்ணில் போலி அழைப்புகளைக் கொட்டி அடைத்துவிட்டார்கள். கரண்ட் போன இரவுகளில் அந்த போனை எடுத்தவன் நான். "எப்ப சார் வரும்?" என்று கேட்பவருக்கு "வேலை நடக்குதுங்க" என்று ஒரு குரல் கேட்டாலே பாதிப் பதற்றம் அடங்கிவிடும். அந்தக் குரலையும் சேர்த்து அறுத்திருக்கிறார்கள். கேட்க நாதியில்லை என்று ஜனங்களை நினைக்க வைப்பதும் இந்தப் போரில் ஒரு தாக்குதல்தான்.

உக்ரைன் அப்போதே ரஷ்யாவைக் கைகாட்டியது. ஆனால் ரஷ்ய ராணுவ உளவுப் பிரிவைச் சேர்ந்த ஆறு பேர் மீது அமெரிக்கா குற்றம் சாட்டியது 2020 அக்டோபரில்தான். 2014-ல் உக்ரைனின் கிரிமியாவில் சின்னம் இல்லாத சீருடையோடு வந்த படைகள் யாருடையவை என்பதும் உடனே உறுதியாகவில்லை. அந்தப் படைகள் விஷயத்தில் ரஷ்யாவிடமிருந்து முதலில் மறுப்பு, காரியம் முடிந்த பிறகு ஒப்புதல்.

உக்ரைனில் கரண்ட் எப்படித் திரும்பி வந்தது தெரியுமா? ஊழியர்கள் வண்டியில் ஏறி நிலையம் நிலையமாகப் போய், கையாலேயே பிரேக்கரை ஆன் செய்தார்கள். சில மணி நேரத்தில் விளக்கு எரிந்தது. அந்தக் கைப்பழக்கம் இன்று வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இருக்கிறதா, திரையை அணைத்துவிட்டு வருடத்துக்கு ஒரு முறையாவது அவர்களைப் பழக்குகிறார்களா என்று பொறுப்பில் இருப்பவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துணை மின்நிலைய ஆபரேட்டர்