ஜெராக்ஸ் எடுப்பதும் அந்த வேலைதான்

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் நீ அலுத்துக்கொண்டது அம்மாவுக்குப் புரியவில்லை, எனக்குப் புரிந்தது. "அகதிகளுக்கு உதவலாம் என்று வந்தால், நாள் முழுக்க ஜெராக்ஸ் எடுக்கச் சொல்கிறார்கள், தபாலைப் பிரித்து அடுக்கச் சொல்கிறார்கள்" என்றாய். வக்கீல் குமாஸ்தாவாகவே காலத்தை ஓட்டியவனிடம் வந்து இதைச் சொல்கிறாயே!

நியாயம் தன் பக்கம் இருந்தும், வந்த நோட்டீஸைப் பிரிக்காமல் வைத்திருந்து தோற்றவர்களைப் பார்த்திருக்கிறேன். புகலிடம் கேட்டு வந்தவர் நிலைமை அதைவிட மோசம். கடிதம் அவருக்குத் தெரியாத மொழியில் வரும். அதில் நேர்காணல் தேதி இருக்கும், அல்லது மேல்முறையீட்டுக்கான கெடு இருக்கும். கெடு தப்பினால், உயிருக்குப் பயந்து ஓடிவந்த கதையை யாரும் கேட்கக்கூட மாட்டார்கள். அதனால் தபாலைப் பிரித்ததும் முதலில் தேதியைப் பார். உறையைக் குப்பையில் போடாதே, தபால் முத்திரை உள்ள அந்த உறையைக் கடிதத்தோடு சேர்த்துப் பின் அடித்து வை. என்றைக்குக் கையில் கிடைத்தது என்ற கேள்வி ஒருநாள் வரலாம்.

அசல் ஆவணங்களை அவர்கள் கண் முன்னாலேயே நகல் எடுத்து, கையோடு திருப்பிக் கொடு. பாஸ்போர்ட்டை முதலாளியிடமோ ஏஜென்டிடமோ பறிகொடுத்தவர்கள் அந்த வரிசையில் இருப்பார்கள். அப்படிப்பட்டவர் தன்னிடம் மிஞ்சிய ஒரே காகிதத்தை உன்னிடம் தருகிறார். நீ அதை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போகிறாய். திரும்பி வரும்வரை அவர் கண் அந்தக் கதவை விட்டு நகருமா, சொல்.

வரிசையாகப் பலருக்கும் பிறந்த தேதி ஜனவரி 1 என்று இருந்ததாம், சிரிப்பு வந்தது என்றாய். பிறப்பைப் பதிவு செய்ய வழியில்லாத இடங்களிலிருந்து வருகிறவர்களுக்கு, ஆண்டு மட்டும் தெரிந்தால் ஏதோ ஓர் அலுவலகம் அந்தத் தேதியைப் போட்டுவிடுகிறது. அதைத் திருத்தப் போகாதே. அவர்கள் சொல்லும் சம்பவங்களில் முன்னுக்குப் பின் முரண் இருந்தாலும் அழகாகக் கோர்வையாக்கி எழுதிவிடாதே. இரண்டு காகிதங்களில் இரண்டு தேதி இருந்தாலே ஆள் பொய் சொல்கிறார் என்று சந்தேகப்படுவார்கள். சொன்னதைச் சொன்னபடி எழுது, முரணை உங்கள் வக்கீலிடம் காட்டு. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ மொழி தெரியாது என்று, கூட வந்த குழந்தையை மொழிபெயர்க்கச் சொல்வதும் கூடாது. தாய்க்கு நடந்ததைப் பிள்ளை வாயால் சொல்ல வைப்பது பாவம்.

சட்டமும் கொஞ்சம் படித்து வை. 1951 அகதிகள் உடன்படிக்கை ஐந்து காரணங்களைச் சொல்கிறது: இனம், மதம், தேசிய இனம், குறிப்பிட்ட சமூகக் குழு, அரசியல் கருத்து. இவற்றில் ஒன்றுக்காகத் துன்புறுத்தப்படுவோம் என்று அஞ்சத் தகுந்த காரணம் இருக்க வேண்டும். பசி அந்தப் பட்டியலில் இல்லை. பிழைப்புக்காக வந்தவரும் கொலைக்குத் தப்பி வந்தவரும் உன் மேஜைக்கு எதிரே ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார்கள், ஆனால் கோப்பு வேறு, வழி வேறு. "கண்டிப்பாகக் கிடைத்துவிடும்" என்று யாரிடமும் சொல்லாதே. அந்த வார்த்தையை நம்பி வீட்டுக்குப் போன் போட்டுவிடுவார்கள்.

சரி, மத விஷயத்துக்கு வருகிறேன். நீ சபை நடத்தும் இடத்தில் சேர்ந்ததில் அம்மாவுக்குப் பெருமை. எனக்குக் கோயில், சபை எதிலும் பெரிய ஈடுபாடு இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் இந்த வேலையில் மத அமைப்புகளை லேசாகச் சொல்லிவிட முடியாது. வியட்நாமிலிருந்து படகுகளில் தப்பி வந்தவர்களின் கதி கண்டு, 1980-ல் பெட்ரோ அருப்பே என்ற இயேசு சபை (கத்தோலிக்கத் துறவியர் சபை) தலைவர் தொடங்கிய அகதிகள் பணி இன்னும் நடக்கிறது. 'அந்நியனை உன்னைப்போல் நேசி' என்று பைபிளில், லேவியராகமத்திலேயே இருக்கிறதே. ஒரே ஒரு கோட்டை மட்டும் தாண்டாதீர்கள். செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 1994-ல் எழுதிய நடத்தை விதிகளில், உதவியை எந்த மதக் கருத்தையும் வளர்க்கப் பயன்படுத்தக் கூடாது என்று இருக்கிறது. கம்பளி வாங்க வந்தவரிடம் "ஜெபத்துக்கு இருந்துவிட்டுப் போங்களேன்" என்று அன்பாகத்தான் சொல்வாய். ஆனால் அடுத்த முறையும் கம்பளி தேவைப்படுகிறவர் எப்படி மாட்டேன் என்பார்?

கதை கேட்பதும் அப்படித்தான். அதிகாரி கேட்டிருப்பார், வக்கீல் கேட்டிருப்பார், மருத்துவர் கேட்டிருப்பார். உன் வேலைக்குத் தேவையில்லாததை நீ கேட்காதே. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள். படம் எடுத்துப் போடுவது அறவே வேண்டாம். ஊரில் விட்டுவந்த தம்பியைத் தீர்த்துக்கட்டத் தேடுகிறவன் கண்ணிலும் அந்தப் படம் படலாம். நன்றி சொல்லவில்லையே என்று சுணங்காதே. வாங்கி வாங்கியே கூசிப்போன மனிதர் சில நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போவார்.

அப்புறம், கேட்டதையெல்லாம் ராத்திரி நீ யாரிடம் இறக்கி வைக்கிறாய்? உன்னோடு உட்கார்ந்து பேச அங்கே மேற்பார்வையாளர் ஒருவர் இருக்க வேண்டும். இல்லையென்றால் கேட்டு வாங்கு. சொந்தப் போன் நம்பரை எல்லோருக்கும் கொடுத்துவிடாதே, அலுவலக நம்பரைக் கொடு. பயணப்படி தருவதாகச் சொன்னார்களே, வந்ததா என்று அம்மா கேட்கச் சொன்னாள். வரவில்லையென்றால் கூச்சப்படாமல் கேள், அதுவும் எழுத்தில்.

அன்புடன்,
அப்பா