கிட்டார் ஆம்ப்பைத் திறக்கும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இசைக்கருவிகளை வீட்டிலேயே பழுது பார்ப்பது குறித்துத் தங்கள் நாளிதழின் இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். கெட்டுப்போன பொருளைத் தூக்கி எறியாமல் சரிசெய்து பயன்படுத்த வேண்டும் என்ற அதன் நோக்கம் எனக்கும் முழுக்க உடன்பாடானது. ஆனால் மின்கிட்டார் ஆம்ப்ளிஃபையர் பற்றிய பகுதியில் இரண்டு செய்திகள் திருத்தப்பட வேண்டும். சத்தம் வராத ஆம்ப்பின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு உடனே மூடியைத் திறந்து பார்க்கலாம் என்பது ஒன்று. ஸ்பீக்கரை மல்டிமீட்டரில் அளந்து 8 ஓம் காட்டாவிட்டால் அதை மாற்றிவிட வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவது உயிருக்கு ஆபத்தானது. இரண்டாவது, நல்ல ஸ்பீக்கரைக் குப்பைக்கு அனுப்பும்.

வால்வு (கண்ணாடிக் குழாய்) வைத்த ஆம்ப்களில் உள்ளே இருக்கும் நேர்திசை (டிசி) மின்னழுத்தம் பெரும்பாலும் 300 முதல் 500 வோல்ட் வரை இருக்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் இந்த மின்னழுத்தம், மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் பெரிய கெப்பாசிட்டர்களில் தங்கி நிற்கும். அதை வடித்துவிடுவதற்கென்றே சில ஆம்ப்களில் ஒரு ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். சிலவற்றில் அது இராது. இருக்கும் ஆம்ப்பிலும் அது எரிந்து போயிருக்கலாம். ஆகவே சற்று நேரம் காத்திருந்தோம், இனிப் பயமில்லை என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. மீட்டரை வைத்து அளந்து, மின்னழுத்தம் வடிந்துவிட்டது என்பதைக் கண்ணால் பார்த்த பிறகே உள்ளே கை வைக்க வேண்டும். அந்தப் பயிற்சி இல்லாதவர்கள் மூடியைத் திறக்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

திறக்காவிட்டால் எப்படிப் பழுது பார்ப்பது என்று வாசகர்கள் கேட்கலாம். கிட்டார் ஆம்ப்பில் வரும் கோளாறுகளில் பல, ஆம்ப்பின் உட்புறத்தில் அல்லாமல் ஒயரிலும் ஜாக்கிலும் ஸ்பீக்கர் பெட்டியிலும்தான் இருக்கின்றன. கிட்டாருக்கும் ஆம்ப்புக்கும் நடுவில் உள்ள, ஒலியை மாற்றும் பெடல்களையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு, நன்றாக வேலை செய்யும் என்று தெரிந்த ஒரே ஒரு ஒயரால் கிட்டாரை நேராக ஆம்ப்பில் செருகிப் பார்க்க வேண்டும். அப்போதும் கோளாறு தொடர்ந்தால், அதே ஆம்ப்பை வேறொரு ஸ்பீக்கர் பெட்டியோடும், அதே பெட்டியை வேறொரு ஆம்ப்போடும் இணைத்துப் பார்த்தால், குற்றம் எந்தப் பக்கம் என்பது தானாகவே வெளிப்பட்டுவிடும்.

இப்படி மாற்றி இணைக்கும்போது ஓம் கணக்கைக் கட்டாயம் பார்க்க வேண்டும். டிரான்சிஸ்டர் ஆம்ப்பில், அதற்குக் குறிக்கப்பட்டுள்ள அளவைவிடக் குறைந்த ஓம் உள்ள பெட்டியைப் போட்டால் அது சூடேறிக் கெடும். வால்வு ஆம்ப்பையோ ஸ்பீக்கரே இணைக்காமல் இயக்கி வாசிக்கக் கூடாது; போக வழியில்லாத மின்னழுத்தம் எகிறி, ஸ்பீக்கருக்கு ஒலியை அனுப்பும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரைப் பொசுக்கிவிடக்கூடும். ஆம்ப்பிலேயே மிக விலை உயர்ந்த பாகங்களில் அதுவும் ஒன்று. ஆம்ப்பிலிருந்து பெட்டிக்குச் செல்லும் ஒயரையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும். கிட்டார் ஒயரும் ஸ்பீக்கர் ஒயரும் ஒரே கால் அங்குல பிளக்கோடு, பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். ஆனால் கிட்டார் ஒயரின் நடுக்கம்பி மெல்லியது. ஸ்பீக்கருக்குப் போகும் மின்னோட்டத்தைத் தாங்காமல் சூடேறி உள்ளேயே அறுந்தாலும் அறுந்துவிடும். பெட்டியை மட்டும் சோதித்துவிட்டு இந்த ஒயரைச் சோதிக்காமல் விடுகிறவர்கள் பலர்.

இனி மீட்டர் காட்டும் அளவுக்கு வருகிறேன். ஸ்பீக்கரின் மேல் அச்சிட்டிருக்கும் 8 ஓம் என்பது ஒலி ஓடும்போது அது காட்டும் மின்மறுப்பு. மீட்டர் அளப்பது, ஸ்பீக்கருக்குள் அசையாமல் இருக்கும் காயிலின் (கம்பிச்சுருளின்) கம்பித் தடையை மட்டுமே. ஆகையால் நல்ல நிலையில் உள்ள 8 ஓம் ஸ்பீக்கர் 6 அல்லது 7 என்றும், 16 ஓம் ஸ்பீக்கர் 12 அல்லது 13 என்றும் காட்டுவது இயல்பே. கட்டுரையாளர் சொன்னபடி நடந்தால் பழுதற்ற ஸ்பீக்கர்களைக் கழற்றி எறிய வேண்டியதாகிவிடும். எண் எதுவும் வராமல் மீட்டர் திறந்த சுற்று என்று காட்டினால் மட்டுமே காயிலோ அதற்குச் செல்லும் ஒயரோ அறுந்திருக்கிறது என்று கொள்ளலாம். இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்கள் பக்க இணைப்பில் (ஒன்றுக்கு இணையாக மற்றொன்று) உள்ள பெட்டியில் சுமார் 3 ஓம் வர வேண்டிய அளவு, 6 அல்லது 7 என்று வந்தால், இரண்டில் ஒன்று பேசவில்லை என்று பொருள்.

மீட்டர் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. ஆம்ப்பிலிருந்து பெட்டியின் ஒயரைக் கழற்றி, அதன் பிளக்கின் முனையிலும் தண்டிலும் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டு எடுத்தால், ஸ்பீக்கர் "டப்" என்று ஒலிக்கும்; கூம்பு முன்னோ பின்னோ நகர்வதும் தெரியும். ஒரே பெட்டியில் ஒன்று முன்னாலும் மற்றொன்று பின்னாலும் நகர்ந்தால், யாரோ ஒயரைத் தலைகீழாகப் பற்றவைத்திருக்கிறார்கள். அடிநாதம் வற்றி ஒலி மெலிந்து கேட்பதற்கு அதுவே காரணம். கூம்பின் நடுவை ஒட்டி, எதிரெதிர்ப் பக்கங்களில் விரல் நுனிகளை வைத்து, சாயாமல் மெல்ல உள்ளே அழுத்திப் பாருங்கள். நல்ல ஸ்பீக்கரில் எந்த ஓசையும் எழாது. மணல் உரசுவது போல் கேட்டால் காயில் இடம் பெயர்ந்து காந்தத்தில் உரசுகிறது. சத்தம் விட்டு விட்டு வந்தால், கூம்புக்குச் செல்லும் பின்னல் கம்பி ஓரத்தில் இற்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; சாலிடர் வைத்துச் சரிசெய்யக்கூடிய சிறிய கோளாறு அது.

சத்தம் திடீரெனக் குறைந்தும் கூடியும் வரும் ஆம்ப்களில், பெடல்களை ஆம்ப்பின் நடுவே இணைப்பதற்கான எஃபெக்ட்ஸ் லூப் என்னும் ஜாக்குகளை (ஒலி வெளியே செல்லும் சென்ட், திரும்பி வரும் ரிட்டர்ன்) முதலில் சந்தேகிக்க வேண்டும். பல ஆம்ப்களில், எதையும் செருகாதபோது ஒலி அந்த ரிட்டர்ன் ஜாக்கினுள் இருக்கும் தொடுமுனை வழியாகத்தான் கடந்து செல்கிறது. பயன்படுத்தாமல் கிடக்கக் கிடக்க அதில் அழுக்கேறிவிடும். சென்ட் ஜாக்கையும் ரிட்டர்ன் ஜாக்கையும் ஒரு குட்டை ஒயரால் இணைத்தவுடன் ஒலி முழுதாகத் திரும்பினால், கோளாறு அதுதான். இவ்வளவு எளிதில் சரியாகும் ஒன்றுக்காக வால்வுகளை மாற்றிப் பணத்தை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வருத்தமாக இருக்கும்.

ரீங்காரம் கேட்டால் வால்யூம் குமிழைத் திருப்பிப் பார்க்கலாம். அதோடு சேர்ந்து ரீங்காரமும் ஏறி இறங்கினால் காரணம் குமிழுக்கு முந்திய பகுதியில், கிட்டாரிலோ ஒயரிலோ ஆம்ப்பின் முதல் பெருக்கு நிலையிலோ இருக்கும். அசையாமல் அப்படியே நின்றால் பவர் சப்ளையின் கெப்பாசிட்டர்கள் வயதாகியிருக்கக்கூடும். ரீங்காரத்தைக் குறைக்கிறேன் என்று எர்த் பின்னைக் கழற்றுவது கொலைக்கு ஒப்பான செயல், ஏனெனில் உள்ளே ஒரு கசிவு ஏற்பட்டால் வாசிப்பவரின் விரல் தொடும் கம்பி வரை மின்சாரம் வந்து சேரும். ஃபியூஸ் மீண்டும் மீண்டும் போனால் கூடுதல் ஆம்பியர் ஃபியூஸைப் போடுவதும் அதே வகைதான். இந்த நிலைகளில் ஆம்ப் கைதேர்ந்தவரிடம் போக வேண்டும்.

மேற்கண்ட இரண்டு திருத்தங்களையும், குறைந்தது கெப்பாசிட்டர் பற்றிய எச்சரிக்கையையாவது, கட்டுரை வெளிவந்த அதே பக்கத்தில் விரைவில் வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அக்கட்டுரையைக் கத்தரித்து வைத்துக்கொண்டு அடுத்த விடுமுறை நாளில் ஆம்ப்பைத் திறக்கக் காத்திருக்கும் இளைஞர்கள் இருக்கக்கூடும்.

இப்படிக்கு,
ஆம்ப் பழுது பார்க்கும் வாசகர் ஒருவர்